புழு கொழுத்திருந்தால் இலையில் விஷம் இல்லை என்று அர்த்தமா?

கீரைப்பாத்தி:
எனக்கு முன் இந்த நிலத்தை வைத்திருந்தவர் கழிவுநீர்க் கசடை வருடக்கணக்கில் உரமாகக் கொட்டியிருக்கிறார். மண் பரிசோதனையில் காட்மியமும் துத்தநாகமும் அதிகம் என்று வந்தது. ஆனால் முட்டைக்கோஸில் பச்சைப்புழு இலையைச் சல்லடையாக்கிவிட்டு ஜோராக வளர்கிறது. இலைக்கு அடியில் அசுவினி அப்பிக் கிடக்கிறது. உலோகம் செடிக்குள் ஏறியிருந்தால் இதெல்லாம் செத்திருக்க வேண்டாமா? அசுவினியைத் தின்னும் பொறிவண்டுக்கு ஏதாவது ஆகுமா?

மண்வெட்டி:
பூச்சி கடித்த இலை மருந்தடிக்காத இலை என்பார்கள். அதே கணக்குதானே?

புழுக்கைபொறுக்கி:
அந்தக் கணக்கு இங்கே செல்லாது. மருந்து பூச்சியைக் கொல்லவென்றே செய்தது. காட்மியத்தைப் புழு பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும்.

பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஆய்வகத்தில் இரண்டு வருடம் என் வேலையே அதுதான். புழுவின் எச்சம், ஆட்டுப்புழுக்கையைக் கடுகளவுக்குச் சுருக்கியது போல இருக்கும். மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக எடுத்து, உலர்த்தி, எடை போட்டு, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அளப்போம். காட்மியம் ஏறிய இலையைத் தின்ற புழுவின் உடம்பில் தங்கியதைவிட எச்சத்தில் வந்ததுதான் அதிகம். தங்கியதையும் குடல் செல்களில் மெட்டலோதயோனீன் என்ற புரதம் பிடித்து வைத்துக்கொள்கிறது. கூட்டுப்புழு ஆகும்போது பழைய குடல் உறை கழல்வதோடு அதிலும் ஒரு பங்கு போய்விடும். வெளியேறிய எச்சமோ நேராக உங்கள் மண்ணுக்குத்தான் திரும்புகிறது.

உலோகத்தால் புழு சாகவே சாகாது என்றும் இல்லை. கலிஃபோர்னியாவில் ஸ்ட்ரெப்டாந்தஸ் பாலிகலாய்டஸ் என்று ஒரு செடி, ஒரு கிலோ உலர் இலையில் 1000 மில்லிகிராமுக்கு மேல் நிக்கல் சேர்க்கும். முட்டைக்கோஸைத் தின்னும் வெள்ளைப் பட்டாம்பூச்சியின் புழு அதைத் தின்றால் காலி. அதே செடியில் அசுவினிக்கு ஒன்றும் ஆகவில்லை! அது இலையைக் கடிப்பதில்லை, செடி உணவைக் கடத்தும் குழாயில் (புளோயம்) ஓடும் சாற்றைத்தான் உறிஞ்சுகிறது. ஆனால் துத்தநாகம் என்றால் கதை மாறும்: கசடு போட்ட வயல் கோதுமையில் செடியைவிட அசுவினியில் அது அதிகம் இருந்திருக்கிறது. பொறிவண்டுக்கும் அதில் பங்கு உண்டு. என் கவலை சிலந்தியைப் பற்றித்தான், அது காட்மியத்தை நடுக்குடல் சுரப்பியில் சேர்த்தே வைத்துக்கொள்ளும்.

கீரைப்பாத்தி:
அப்போ இலையை நன்றாகக் கழுவினால் போதாதா?

புழுக்கைபொறுக்கி:
ஈயமாக இருந்தால் கொஞ்சம் பலன் உண்டு. அது மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும், இலையில் இருப்பது பெரும்பாலும் மேலே படிந்த தூசிதான். காட்மியம் வேர் வழியாக உள்ளே போனது, தண்ணீருக்கு அசையாது. மண்ணின் பி.ஹெச். எவ்வளவு என்று பாருங்கள். அமிலத்தன்மை கூடினால் செடி இன்னும் இழுக்கும், சுண்ணாம்பு போட்டால் குறையும். அப்புறம் இலையையே சோதனைக்குக் கொடுங்கள். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு காட்மியத்துக்கு வைத்த வரம்பு கிலோவுக்கு முட்டைக்கோஸ் வகையில் 0.05 மில்லிகிராம், கீரை வகையில் 0.2. சோதனை முடிவு வரும்வரை சமைக்க வேண்டாம்.

கீரைப்பாத்தி:
சரி, நாளைக்கே அனுப்புகிறேன். எச்சத்தையும் ஒரு பொட்டலம் போடட்டுமா?

புழுக்கைபொறுக்கி:
போடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் அடைத்தால் பூஞ்சை பிடித்துவிடும், காகிதத்தில் மடித்து அனுப்புங்கள். பொறுக்கும்போது மண் ஒட்டிவிடக் கூடாது, பிறகு மண்ணின் காட்மியத்தைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.