வீட்ல இருந்தே இன்டர்நெட் மார்க்கெட்டிங் கத்துக்கலாமா? 14,999 ரூபா கோர்ஸ்ல சேரட்டுமா வேண்டாமா?

தையல்காரி_திருப்பூர்
வணக்கம்ங்க எல்லாருக்கும். நான் முன்னாடி பனியன் கம்பெனில டெய்லரா இருந்தேன், பாப்பா பொறந்தப்புறம் வீட்லயே பிளவுஸ் சுடிதார் தைக்கிறேன். சீசன்ல நல்லா ஓடும், ஆடி மாசம் வந்துட்டா மெஷின் சும்மா கெடக்கும். போன வாரம் இன்ஸ்டாகிராம்ல ஒரு விளம்பரம், 99 ரூபா கட்டி ஆன்லைன் கிளாஸ் ஒண்ணுல உக்காந்தேன். ரெண்டு மணி நேரம் பேசுனாங்க, முக்காவாசி நேரம் அவங்க கார், பேங்க்ல பணம் வந்த ஸ்க்ரீன்ஷாட் இதத்தான் காட்டுனாங்க. கடைசில டைமர் ஓட விட்டு நைட்டு 12 மணிக்குள்ள கட்டுனா 14,999, இல்லாட்டி 39,999ன்னுட்டாங்க. சேந்தப்புறம் நாம இன்னொருத்தர சேத்து விட்டா அவங்க கட்டுறதுல 60% நமக்காம். வீட்டுக்காரர் வேண்டாங்கறாரு. எனக்கு அஃபிலியேட், ஆட்சென்ஸ் எல்லாம் பேர் மட்டும்தான் தெரியும். அடிப்படைல இருந்து யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

கணக்குப்புள்ள
வீட்டுக்காரர் சொல்றது சரி. அந்த கோர்ஸ்ல விக்கிற பொருள் என்ன? அதே கோர்ஸ்தான். வெளிய இருந்து ஒரு கஸ்டமர் காசே உள்ள வரல, புதுசா சேர்றவங்க காசத்தான் பங்கு போட்டுக்கிறாங்க. ஆள் சேத்தா காசுங்கற பிரமிட் ஸ்கீம டைரக்ட் செல்லிங் ரூல்ஸ் 2021லயே தடை பண்ணிருக்கு, அதுக்கு முன்னாடியே 1978ல ஒரு சட்டம் இருக்கு. நாளைக்கு நீங்க சேத்து விட்ட பக்கத்து வீட்டு அக்கா உங்க வாசல்ல வந்துதான் நிப்பாங்க, கார் வெச்சிருக்கவன் வாசல்ல இல்ல.

அஃபிலியேட்_அண்ணாச்சி
தங்கச்சி, கோர்ஸ் கதைய விடுங்க. இதுல காசு எங்கிருந்து வருதுன்னு புரிஞ்சாலே பாதி கத்துக்கிட்ட மாதிரி. விளம்பரம்னா கம்பெனிக்காரன் கூகுளுக்கு காசு குடுப்பான், அத நம்ம சைட்ல காட்டுனா கூகுள் அதுல நமக்கு பங்கு குடுக்கும், அதான் ஆட்சென்ஸ். தமிழ் சைட்டுக்கு 2018ல தான் அத தொறந்து விட்டாங்க, 100 டாலர் சேந்தாதான் கைக்கு வரும், தமிழ்ல ஒரு கிளிக்குக்கு கிடைக்கிறது இங்கிலீஷ விட ரொம்ப கம்மி, அதனால அத மட்டும் நம்பி எறங்காதீங்க. அஃபிலியேட்னா நம்ம லிங்க் வழியா ஒருத்தர் பொருள் வாங்குனா கடைக்காரன் கமிஷன் தருவான். அமேசான்ல சேர காசு கெடையாது, ஆனா 180 நாளுக்குள்ள 3 விற்பனையாவது ஆகணும், இல்லன்னா அக்கவுண்ட மூடிருவாங்க. லிங்க அமுக்கி 24 மணி நேரத்துக்குள்ள வாங்கணும், இல்ல கார்ட்லயாச்சும் போட்டு வெக்கணும். பொருள ரிட்டர்ன் பண்ணிட்டா கமிஷனும் திரும்பிப் போயிரும். நாமளே நம்ம லிங்க்ல வாங்குனா ஒரு பைசா வராது. சதவீதம் பொருளுக்குப் பொருள் மாறும், பெரும்பாலும் பத்துக்குள்ளதான்.

இப்ப உங்க விஷயத்துக்கு வரேன். உங்களுக்கு மெஷின் தெரியும், அதான் முதல். கூகுள்ல ஒருத்தர் "தையல் மெஷின்ல அடில நூல் சிக்குது"ன்னு தேடுனா அவங்க அப்ப எதுவும் வாங்க வரல, பதில் தேடி வராங்க. "வீட்ல பிளவுஸ் தைக்க எந்த மெஷின் வாங்கலாம், 10,000க்குள்ள"ன்னு தேடுறவங்க கைல காசோட நிக்கிறாங்க. ரெண்டுக்கும் எழுதணும், ஆனா லிங்க் ரெண்டாவதுலதான் வேலை செய்யும். முதல்ல சொன்னதுக்கு நீங்க ஒழுங்கா பதில் குடுத்திருந்தா, நாளைக்கு புது மெஷின் வாங்கறப்ப உங்கள நம்பி வருவாங்க, மொத்த வித்தையும் அவ்ளோதான். சும்மா ஏஐய வெச்சு நூறு பக்கம் எழுதித் தள்ளாதீங்க, அப்டி கொட்டுறத ஸ்பேம்னு 2024 மார்ச்லயே கூகுள் ரூல்ல போட்டுட்டாங்க.

தையல்காரி_திருப்பூர்
அண்ணா நூல் சிக்கறதுக்கு என்கிட்ட கேக்காத ஆளே இல்லைங்க 😄 எல்லாரும் அடி நூல் சுத்துன பாபினத்தான் கழட்டி கழட்டி மாட்டுவாங்க, ஆனா அடில லூப் லூப்பா விழுந்தா தப்பு பெரும்பாலும் மேல் நூல்லதான், நூல இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுக்கு நடுவுல நூல் உக்காந்திருக்காது. துணிய அமுக்குற பிரஷர் ஃபுட்ட தூக்கி வெச்சுட்டு மறுபடி நூல் கோத்தாலே முக்காவாசி சரியாயிரும். இத எழுதுனா படிப்பாங்களா? எனக்கு எழுத வராதுங்க, பேசத்தான் வரும்.

ட்ரைபாட்_தம்பி
அக்கா இத எழுதவே கூடாது வீடியோவா போடணும், அண்ணாச்சி சொல்றதுல எனக்கு ஒத்துக்க முடியாதது அது ஒண்ணுதான், தமிழ்ல தையல் பாக்குறவங்க படிக்க மாட்டாங்க பாப்பாங்க. கைல போன் இருந்தா போதும், உங்க மூஞ்சி கூட வேண்டாம், ஊசியும் நூலும் தெரிஞ்சா போதும், லைட் மட்டும் ஜன்னல் பக்கம் வர்ற மாதிரி வைங்க, மெஷின் சத்தத்தோட பேசாம அப்புறமா குரல் குடுங்க. யூடியூப்ல விளம்பரக் காசு வரணும்னா 1000 சப்ஸ்க்ரைபர் வேணும், அதோட 12 மாசத்துல ஜனங்க மொத்தமா 4000 மணி நேரம் பாத்திருக்கணும், இல்ல 90 நாள்ல ஷார்ட்ஸ்ங்கற குட்டி வீடியோ 1 கோடி வியூ போகணும். பெரிய வீடியோல வர்ற விளம்பரத்துல 55% நமக்கு, ஷார்ட்ஸ்ல 45%. ஆனா அது வர வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல, டிஸ்கிரிப்ஷன்ல அமேசான் லிங்க் முதல் வீடியோலயே போடலாம், அமேசான் அக்கவுண்ட்ல உங்க சேனல் அட்ரஸ மட்டும் சேத்துருங்க. லிங்க்ல வாங்குனா எனக்கு கமிஷன் வரும்னு வெளிப்படையா சொல்லிருங்க, 2021ல இருந்து விளம்பர கவுன்சில் ரூலும் அதான்.

அஃபிலியேட்_அண்ணாச்சி
தம்பி சொல்றது தையலுக்கு சரிதான், ஒத்துக்கிறேன். ஆனா "எந்த மெஷின் வாங்கலாம்"க்கு மட்டும் ஒரு பக்கம் எழுதி வைங்க, அத படிச்சுத்தான் ஜனங்க முடிவு பண்றாங்க. கூகுளோட ப்ளாகர்ல சும்மாவே ஒரு ப்ளாக் தொடங்கலாம். கருப்பு மெஷின் யாருக்கு, வெள்ள ஜிக்ஜாக் மெஷின் யாருக்குன்னு உங்க வாயால சொல்ற மாதிரியே எழுதுங்க, எது மட்டமோ அதையும் சொல்லுங்க.

ஈரோடு_விளம்பரம்
ஏனுங்க, ஒருத்தரும் உடனே காசு வர்ற வழிய சொல்லலையே. யூடியூபும் ப்ளாகும் காசு காட்ட மாசக்கணக்காகும், கரண்ட் பில்லு காத்திருக்காது. முதல்ல உங்க தையல் கடையவே கூகுள் மேப்ல ஏத்துங்க, இலவசம். அளவு எடுக்கற போட்டோ, தச்ச பிளவுஸ் போட்டோ போடுங்க, வர்ற கஸ்டமர் கிட்ட ரிவ்யூ கேளுங்க, "பக்கத்துல பிளவுஸ் தைக்கிற கடை"ன்னு தேடுறவங்க கண்ல படுவீங்க. அது கைவந்துட்டா உங்க தெருல இருக்க நூல் கடை, ஃபால்ஸ் கடை, பியூட்டி பார்லர்க்கும் அதையே பண்ணிக் குடுத்து மாசம் ஒரு தொகை வாங்கலாம். இதுவும் இன்டர்நெட் மார்க்கெட்டிங்தானுங்க. படிக்கணும்னா கூகுள் ஸ்கில்ஷாப், ஹப்ஸ்பாட் அகாடமி ரெண்டும் காசில்லாம இருக்கு, இங்கிலீஷ்தான், ஆனா மெதுவா பாத்தா புரியும்.

கணக்குப்புள்ள
அமேசான்ல பான் நம்பர் முதல்லயே குடுத்துருங்க, இல்லன்னா டிடிஎஸ், அதாவது காசு தர்றப்பவே பிடிக்கிற வரி, ஜாஸ்தி பிடிப்பாங்க. ஜிஎஸ்டிய பத்தி இப்பவே கவலப்படாதீங்க, சர்வீஸ் வேலைக்கு வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டுறப்ப பாத்துக்கலாம். அப்புறம் நீங்க இந்த மாதிரி தேட ஆரம்பிச்சதும் டெலிகிராம்ல "வீடியோக்கு லைக் போட்டா 50 ரூபா"ன்னு மெசேஜ் வரும். முதல்ல நூறு இருநூறு நெஜமாவே போட்டு விடுவான், அப்புறம் பெரிய டாஸ்க்குக்கு நீங்க கட்டணும்பான். காசு போயிருச்சுன்னா உடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணணும், எவ்ளோ சீக்கிரம் பண்றமோ அவ்ளோ நல்லது.

தையல்காரி_திருப்பூர்
அந்த டெலிகிராம் மெசேஜ் ஏற்கனவே வந்துருச்சுங்க 🙏 பிளாக் பண்ணிட்டேன். கோர்ஸ் ஆளுங்க இன்னும் போன் பண்றாங்க, டைமர் முடிஞ்சும் அதே 14,999தான் சொல்றாங்க. மேப்ல கடைய ஏத்த பாத்தேன், வீட்டு அட்ரஸ் எல்லாருக்கும் தெரியுமேன்னு யோசனையா இருக்கு. வழி இருக்குங்களா?

ஈரோடு_விளம்பரம்
இருக்கு. அட்ரஸ மறைச்சுட்டு எந்த ஏரியாவுக்கு வேலை செய்யறீங்கன்னு மட்டும் காட்டலாம், செட்டிங்ஸ்லயே இருக்கு. ஆனா நீங்களே போய் அளவு எடுக்கற மாதிரி இருந்தாதான் அது பொருந்தும், கஸ்டமர் வீட்டுக்கு வராங்கன்னா அட்ரஸ் தெரிஞ்சுதான் ஆகணும். போன் நம்பருக்கு தனியா ஒரு சிம் போட்டுக்குங்க, தைக்கறப்ப உங்க சொந்த நம்பர் அடிச்சுக்கிட்டே இருக்காது.