புதுப்பிப்பு: ஆபீஸ் நெட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள்?

மதியமானால் நெட் படுத்துவிடுகிறது, பசங்க யூடியூப் பார்க்கிறார்களா என்று முதலாளி கண்காணிக்கச் சொல்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி.

நீங்கள் சொன்னபடி பழைய ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் பை-ஹோல் (தளப்பெயர்க் கேள்விகளைப் பதிவுசெய்து வடிகட்டும் மென்பொருள்) போட்டு, ரவுட்டரின் டிஹெச்சிபியில் (கணினிகளுக்கு நெட் அமைப்புகளைத் தரும் பகுதி) அதையே டிஎன்எஸ் (தளப்பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் சேவை) ஆகக் கொடுத்தேன். எந்தக் கணினி எந்தத் தளத்தைக் கேட்டது என்று தெரிகிறது. அவ்வளவுதான். பை-ஹோலுக்குத் தளப்பெயர் மட்டுமே வரும் என்பதால் உள்ளே என்ன பக்கம் என்று தெரியாது. எத்தனை எம்பி போனது என்பதும் தெரியாது. நெட்டை யார் தின்கிறார்கள் என்ற கேள்விக்கு இது பதிலே இல்லை.

பதில் மைக்ரோடிக் ரவுட்டரில் இருந்த டார்ச் கருவியில் கிடைத்தது. எந்த ஐபி முகவரி, அதாவது எந்தக் கணினி, எவ்வளவு இழுக்கிறது என்று நேரலையாகக் காட்டும். குற்றவாளி யூடியூப் இல்லை. அக்கவுண்ட்ஸ் கணினியின் கிளவுட் பேக்கப், அப்லோடை முழுசாக அடைத்துக்கொண்டிருந்தது. அதை இரவுக்கு மாற்றியாயிற்று.

ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ் (டிஎன்எஸ் கேள்விகளை மறையாக்கி வேறு சேவைக்கு அனுப்பும் வசதி) போட்ட போன்கள் பை-ஹோலைத் தாண்டிப் போயின. அந்த வசதி பயன்படுத்தும் போர்ட் 853-ஐ ரவுட்டரில் அடைக்கலாம்தான். சொந்தப் போனை நோண்டுவானேன் என்று கெஸ்ட் வைஃபைக்குத் தள்ளி, வேக வரம்பு மட்டும் வைத்தேன்.

பதிவு எடுக்கிறோம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டோம். பை-ஹோலின் தனியுரிமை நிலையை 2-க்கு உயர்த்தினேன். இனி தளமும் தெரியாது, ஆளும் தெரியாது. முதலாளிக்குக் கொஞ்சம் வருத்தம்.