விரல் மூட்டுக்கும் தேய்மானம் எப்படி வருகிறது?

கேள்வி (மூட்டுக்காரன்):
முழங்கால் தேய்ந்துவிட்டது என்றால் புரிகிறது, உடம்பின் பாரம் முழுக்க அதன் தலையில். ஆனால் என் விரல் நுனி மூட்டுகளும் வலிக்கின்றன, கொஞ்சம் புடைத்தும் இருக்கின்றன. இரண்டுமே ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்தான் என்கிறார் மருத்துவர். எடை அதிகம், சர்க்கரை எல்லைக்கோட்டில். மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு செல்லின் வளர்சிதை மாற்றம் கெடுவதுதான் காரணம் என்று படித்தேன். கையால் யார் நடக்கிறார்கள்?

பதில் (ஆய்வகவாசி):
இந்த செல்களை வளர்ப்பதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளும்.

குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது. குளூக்கோஸும் ஆக்சிஜனும் மூட்டுத் திரவத்திலிருந்து ஊறித்தான் உள்ளே போகவேண்டும். ஆழத்தில் ஆக்சிஜன் 1 சதவீதம் வரை இறங்கிவிடும். ஆகவே குளூக்கோஸை உடைத்து லாக்டிக் அமிலமாக்கியே இந்த செல் காலம் தள்ளுகிறது. செல்கள் நெருக்கமாக வளர்ந்த தட்டில் செல்லை வளர்க்கும் சிவப்புச் சத்துத் திரவம் சீக்கிரமே மஞ்சளாவது அந்த அமிலத்தால்தான்.

ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா இந்த செல்லில் குறைவு, ஆனாலும் நெருக்கடிக்கு அதுதான் கை கொடுக்கும். மூட்டில் அழற்சி வந்தால் இன்டர்லூக்கின்-1 போன்ற அழற்சிப் புரதங்கள் செல்லை நைட்ரிக் ஆக்சைடு சுரக்க வைக்கின்றன, அது மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகிறது. ஆற்றல் தட்டுப்பாட்டை மோப்பம் பிடிக்கும் ஏஎம்பிகே என்ற நொதியும் நோயுற்ற குருத்தெலும்பில் மந்தமாகிவிடுகிறது. அப்புறம் வீடு கட்டிய கொத்தனாரே கடப்பாரையைத் தூக்கிய கதைதான்: செல்லே சுரக்கும் நொதிகளில் எம்எம்பி-13 குருத்தெலும்பின் நார்ப்புரதமான கொலாஜனை வெட்டுகிறது, அடாம்ட்ஸ்-5 அதில் நீரைப் பிடித்துவைக்கும் அக்ரிகனை வெட்டுகிறது. வளர்ந்தவர்களுக்கு அந்தக் கொலாஜன் திரும்ப உருவாவது அநேகமாக இல்லை.

சரி, விரலுக்கு வருவோம். கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் சுமை அல்ல. லெப்டின் என்ற ஹார்மோனையும் அழற்சிப் புரதங்களையும் ரத்தத்தில் கலக்கிறது, அந்த ரத்தம் விரலுக்கும்தானே போகிறது? பருமனானவர்களுக்குக் கை மூட்டுத் தேய்மானமும் கூடுதலாக வருகிறது. விரல் நுனிப் புடைப்பில் பரம்பரைக்கும் பெரிய பங்குண்டு, வீட்டில் பெரியவர்களின் கையைப் பாருங்கள்.

மூட்டுக்காரன்:
நன்றி. அப்படியானால் செல்லுக்குத் தீனி போடுவதாகச் சொல்லும் குளுக்கோசமின் மாத்திரை?

ஆய்வகவாசி:
முழங்கால் வலிக்காரர்கள் 1,583 பேரிடம் நடந்த பெரிய சோதனை 2006-ல் வெளியானது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைக் குளுக்கோசமின் மிஞ்சவில்லை. நான் காசு போடமாட்டேன். எடையைக் குறைப்பதில் போடுவேன்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது. நடையையும் விடாதீர்கள், மூட்டு அசைந்தால்தான் திரவம் கலங்கிச் சத்து உள்ளே போகும்.

பதில் (மருந்தாளர்):
ஏஎம்பிகே என்றதும் மெட்பார்மின் ஞாபகம் வந்தது, அந்த நொதியைத் தூண்டும் சர்க்கரை நோய் மருந்து. எடை கூடிய முழங்கால் நோயாளிகள் 107 பேருக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்ததில் வலி குறைந்ததாக 2025-ல் வந்தது. சின்னச் சோதனை. வலி குறைந்ததால் குருத்தெலும்பு வளர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், சிறுநீரகப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் தருவார்கள்.