லுட்டீசியம் சிகிச்சை பெற்றவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. ஹார்மோன் ஊசியும் கீமோவும் இனிக் கைகொடுக்காது என்கிறார்கள். காலியம்-68 என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, புராஸ்டேட் புற்றுச்செல்களின் மேல் அதிகமாக இருக்கும் பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள்; அதில் கட்டிகள் நன்றாகத் தெரிந்தன. அதே பிஎஸ்எம்ஏ புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் லுட்டீசியம்-177 என்ற கதிரியக்க மருந்தை ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றலாம் என்கிறார் மருத்துவர். அதன் பீட்டா கதிர் திசுவுக்குள் சுமார் 2 மில்லிமீட்டர்தான் பாயும் என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

நெல்லை, தென்காசிப் பக்கமிருந்து மதுரைக்கோ வேலூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய் இதைச் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா? ஒரு தவணைக்கு என்ன செலவானது? காப்பீடு கிடைத்ததா? இந்த மருந்தால் வரும் வாய் வறட்சிக்கு என்ன செய்தீர்கள்?

முக்கியமாக இன்னொன்று. மருந்து ஏற்றியபின் இவ்வளவு தூரம் ரயிலில் அழைத்துவர அனுமதித்தார்களா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பேத்தியை மடியில் வைக்காமல் அப்பா சாப்பிடவே மாட்டார். எத்தனை நாள் விலகியிருக்கச் சொன்னார்கள்? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.