போயிங்க்: கிராபிக்ஸ் கார்டு பாதி நேரம் சும்மா இருக்கிறது, முழுதாக வேலை வாங்குவது எப்படி?

விண்நோக்கி:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக் கணினியின் மிச்சத் திறனை அறிவியல் கணக்குகளுக்குக் கொடுக்க உதவும் போயிங்க் நிரல் மூலமாக ஐன்ஸ்டீன் அட் ஹோம் திட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். லைகோ என்ற ஈர்ப்பலை ஆய்வகத்தின் தரவில் நியூட்ரான் விண்மீன்களின் தொடர் ஈர்ப்பலையைத் தேடும் பணிகள் வருகின்றன. கணினி: விண்டோஸ், 6 கோர் 12 த்ரெட் (ஒரே நேரத்தில் 12 வேலைகளை ஓட்டும்) சிபியு, 12 ஜிபி நினைவகமும் 170 வாட் மின்வரம்பும் கொண்ட என்விடியா கார்டு. சிபியுவில் வேறொரு திட்டத்தின் பணிகள் 12 த்ரெட்டிலும் ஓடுகின்றன.

பிரச்சினை இதுதான். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் செயலி) வரைபடம் 2, 3 சதவீதத்தைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. ஆனால் பணி ஓடுகிறது என்று போயிங்க் காட்டுகிறது, முடிந்த பணிகளும் போய்ச் சேர்கின்றன. இன்னொன்று, கீபோர்டில் கை வைத்தாலே ஜிபியு பணி நின்றுவிடுகிறது. நல்ல கார்டு இது, வீணாகக் கிடக்கக் கூடாது. இந்தத் தேடலுக்கு இதன் முழுத் திறனையும் கொடுக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

சுழலி:
வணக்கம் நண்பரே. முதலில் அளவுகோலைச் சரிபாருங்கள். டாஸ்க் மேனேஜரின் ஜிபியு பக்கத்தில் முதலில் தெரிவது '3டி' வரைபடம். திரையில் படம் வரையும் வேலையைத்தான் அது காட்டும். கணக்கு வேலை அதில் தெரியாது. வரைபடத்தின் தலைப்பைச் சொடுக்கி 'கம்ப்யூட்' அல்லது 'குடா' என்று மாற்றிப் பாருங்கள். அதைவிட நல்லது, கமாண்ட் விண்டோவில் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை. டிரைவரோடு அதுவும் சேர்ந்தே வரும். சதவீதம், வாட், நினைவகம் மூன்றையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

கீபோர்டு தொட்டால் நிற்பது கோளாறு இல்லை. கணினியை ஆள் பயன்படுத்தும்போது ஜிபியு வேலையை நிறுத்திவை என்பதுதான் போயிங்கின் இயல்பான அமைப்பு. கடைசியாக விசையைத் தொட்டு 3 நிமிடம் ஆன பிறகுதான் மறுபடி தொடங்கும். ஆப்ஷன்ஸ், கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸ் போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். நிறுத்தப்பட்ட சிபியு பணியை நினைவகத்திலேயே வைத்திருக்கச் சொல்லலாம். ஜிபியு பணிக்கு அந்த வசதி கிடையாது, வெளியே தள்ளப்பட்டுவிடும். மறுபடி தொடங்கும்போது கடைசியாகச் சேமித்த இடத்துக்கே திரும்பிப் போய், அங்கிருந்துதான் வர வேண்டும்.

இரண்டையும் செய்துவிட்டு வாட் எவ்வளவு என்று சொல்லுங்கள்.

விண்நோக்கி:
நன்றி அண்ணா. டிக்கை எடுத்தேன், இப்போது நிற்காமல் ஓடுகிறது. என்விடியா-எஸ்எம்ஐயில் சதவீதம் 55க்கும் 70க்கும் நடுவில் ஆடுகிறது, வாட் 90ஐச் சுற்றி. பணியின் நிலையில் '0.9 சிபியு + 1 என்விடியா ஜிபியு' என்று இருக்கிறது. 170 வாட் கார்டு 90 வாட்டில் ஓடினால் பாதி சும்மா இருக்கிறது என்றுதானே பொருள்?

சுழலி:
ஏறக்குறைய அப்படித்தான். அந்த '0.9 சிபியு'வில்தான் விஷயம் இருக்கிறது.

ஜிபியு தானாக எதையும் செய்யாது. அடுத்து எதைக் கணக்கிட வேண்டும் என்று ஒரு சிபியு த்ரெட் விடாமல் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். என்விடியா கார்டில் ஓப்பன்சிஎல் (கார்டைக் கணக்குப் போட வைக்கும் ஒரு முறை) நிரல் ஓடும்போது, 'முடிந்ததா முடிந்ததா' என்று கேட்டுக்கொண்டே அந்த த்ரெட் முழு நேரமும் சுழலும். அதனால் ஒரு த்ரெட் முழுதாகவே போய்விடும். ஈர்ப்பலைப் பணிகள் சிபியுவையும் நன்றாகவே கேட்பவை.

போயிங்க் என்ன செய்கிறது? 0.9 என்பது ஒன்றுக்குக் கீழே இருப்பதால் தனியாகத் த்ரெட் ஒதுக்குவதில்லை. உங்கள் 12 சிபியு பணிகளையும் ஓடவிட்டு, அதற்கு மேல் ஜிபியு பணியையும் ஏற்றிவிடுகிறது. ஆக 12 த்ரெட்டுக்கு 13 பேர். ஊட்ட வேண்டிய ஆள் வரிசையில் நிற்கிறார், கார்டு காத்திருக்கிறது.

சோதனைக்கு மற்றத் திட்டத்தைக் கொஞ்ச நேரம் சஸ்பெண்ட் செய்து வாட்டைப் பாருங்கள். ஏறினால் காரணம் இதுதான்.

விண்நோக்கி:
ஏறியது! 120 வாட்டைத் தொட்டது. ஆனால் மற்றத் திட்டத்தையும் கைவிட மனமில்லை. 'சிபியுவில் இத்தனை சதவீதம்' என்று ஒரு அமைப்பு இருக்கிறதே, அதைக் குறைக்கலாமா?

லினக்ஸ்வாசி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அங்கே இரண்டு கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று சிபியுக்களின் எண்ணிக்கை, மற்றது சிபியு நேரம். நேரத்தைத் தொடாதீர்கள், 100 ஆகவே இருக்கட்டும். அதைக் குறைத்தால் பணிகளை நிறுத்தி நிறுத்தி ஓடவைக்கும், அந்த இழுபறியில் ஜிபியு பணியும் மாட்டிக்கொள்ளலாம். குறைப்பதானால் எண்ணிக்கையை மட்டும் குறையுங்கள். 12 த்ரெட்டில் 10 வேண்டும் என்றால் 83 போடாதீர்கள். 12இல் 83 சதவீதம் 9.96, பின்னத்தை வெட்டி 9 ஆக்கிவிடும். 84 போட்டால்தான் 10.

சுழலி:
சரியாகச் சொன்னீர்கள். ஆனால் விண்நோக்கிக்கு நான் சொல்வது வேறு வழி: எண்ணிக்கையை 100லேயே விட்டுவிட்டு, ஆப்_கான்ஃபிக்.எக்ஸ்எம்எல் கோப்பில் ஜிபியு பணிக்கு ஒரு முழுச் சிபியு என்று எழுதிவிடுங்கள். போயிங்கே ஒதுக்கிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் இரட்டைக் கழிப்பு ஆகிவிடும். 10 த்ரெட்டாகக் குறைத்து, அதிலிருந்து மறுபடி ஜிபியுவுக்குக் கழித்து, மிச்சத் த்ரெட்டுகள் தூங்கும்.

அந்தக் கோப்பு இருக்க வேண்டிய இடம் போயிங்கின் டேட்டா ஃபோல்டருக்குள், புராஜெக்ட்ஸ், அதற்குள் ஐன்ஸ்டீன் ஃபோல்டர். விண்டோஸில் டேட்டா ஃபோல்டர் புரோகிராம்டேட்டாவுக்குள் இருக்கும். அது மறைக்கப்பட்ட ஃபோல்டர், முதலில் தெரியும்படி செய்துகொள்ளுங்கள். நோட்பேடில் சேமிக்கும்போது பெயரின் கடைசியில் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளாமல் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் போயிங்க் அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, எந்தப் பிழையும் காட்டாது.

உள்ளே வெளிக்கூடு (டேக்) ஆப்_கான்ஃபிக். அதற்குள் ஆப், அதில் நேம். பக்கத்தில் ஜிபியு_வெர்ஷன்ஸ், அதற்குள் ஜிபியு_யூசேஜ், சிபியு_யூசேஜ் என்று இரண்டு. ஜிபியு_யூசேஜ் 1 என்றால் கார்டில் ஒரு பணி, 0.5 என்றால் ஒரே நேரத்தில் இரண்டு. சிபியு_யூசேஜ் 1 என்று வையுங்கள். இது ஒதுக்கீட்டுக் கணக்குதான். இந்த எண்ணை மாற்றுவதால் நிரல் சிபியுவைக் கூடவோ குறையவோ தின்னாது.

நேமில் வர வேண்டியது போயிங்க் காட்டும் நீளப் பெயர் இல்லை, திட்டத்தின் உட்பெயர். தெரியாவிட்டால் எதையாவது எழுதிவிட்டு, ஆப்ஷன்ஸில் 'ரீட் கான்ஃபிக் ஃபைல்ஸ்' கொடுங்கள். அறியாத நிரல் என்று ஈவென்ட் லாக் புகார் சொல்லி, அறிந்த பெயர்களை அங்கேயே பட்டியல் போடும். அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

விண்நோக்கி:
பட்டியல் வந்தது, பெயர் கிடைத்தது! 0.5 போட்டேன். இரண்டு பணி ஓடுகிறது, சிபியு பணிகள் தாமாகவே 10 ஆகிவிட்டன. 145 வாட், 97 சதவீதம். அப்படியே 0.33 போட்டு மூன்றாக்கட்டுமா?

சுழலி:
சதவீதத்தைத் துரத்தாதீர்கள் நண்பரே. அந்த எண்ணுக்குப் பொருள், எடுத்த மாதிரிக் காலத்தில் எவ்வளவு நேரம் ஏதோ ஒரு வேலையாவது கார்டில் ஓடியது என்பதே. கார்டின் ஒரு மூலை மட்டும் வேலை செய்தாலும் 100 காட்டும். வாட் அதைவிட நம்பகமானது. கடைசித் தீர்ப்போ ஒரு மணிக்கு எத்தனை பணி முடிகிறது என்பதில்தான் இருக்கிறது.

ஒரு பேச்சுக்கு, தனியாக ஓடும் பணி 10 நிமிடத்தில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாக ஓடவிட்டு ஒவ்வொன்றும் 17 நிமிடம் எடுத்தால் பணிக்கு 8.5 நிமிடம், லாபம். 21 நிமிடம் எடுத்தால் நஷ்டம், 100 சதவீதம் காட்டினாலும் நஷ்டம்தான். ஒவ்வொரு அமைப்பையும் ஒரு நாளாவது ஓடவிட்டு, முடிந்த பணிகளின் சராசரியை எடுங்கள். மூன்றுக்குப் போகும் முன் நினைவகத்தையும் பாருங்கள். 12 ஜிபிக்குள் மூன்றும் அடங்காவிட்டால் பணிகள் பிழையில் முடியும்.

லினக்ஸ்வாசி:
சூட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல மணி நேரம் இடைவிடாமல் ஓடும் வேலை இது. என்விடியா-எஸ்எம்ஐயில் பிஎல் என்ற தெரிவோடு வாட் எண்ணைக் கொடுத்தால் மின்வரம்பைக் குறைக்கலாம். அட்மின் உரிமை வேண்டும், கணினியை மறுபடி தொடங்கினால் பழைய வரம்புக்கே போய்விடும். வரம்பைக் கொஞ்சம் இறக்கினால் வேகம் அதே விகிதத்தில் விழுவதில்லை. நான் எப்போதும் இறக்கித்தான் ஓட்டுகிறேன்.

இரட்டைக்கார்டு:
இதே இழையில் கேட்டுவிடுகிறேன். எனக்கு இரண்டு கார்டு, ஒன்று பழையது. போயிங்க் புதியதை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

லினக்ஸ்வாசி:
திறன் கூடிய கார்டை மட்டும் எடுப்பதுதான் அதன் இயல்பு. டேட்டா ஃபோல்டரிலேயே சிசி_கான்ஃபிக்.எக்ஸ்எம்எல் என்ற கோப்பில், ஆப்ஷன்ஸ் கூட்டுக்குள், யூஸ்_ஆல்_ஜிபியூஸ் 1 என்று போடுங்கள். இதற்குக் கோப்பை மறுபடி படிக்கச் சொன்னால் போதாது, போயிங்கை முழுதாக மூடித் திறக்க வேண்டும்.

விண்நோக்கி:
அளந்து பார்த்துவிட்டேன். இரண்டு பணிதான் என் கணினிக்குச் சரி. மூன்றில் ஒவ்வொன்றும் இழுத்து, மணிக்கு முடியும் எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தது. ஒரே ஒரு சந்தேகம். பணி 99 சதவீதத்தைத் தாண்டியதும் சில நேரம் வாட் சடாரென்று விழுகிறது, கொஞ்ச நேரத்தில் திரும்புகிறது.

சுழலி:
கிடைத்த சிறந்த முடிவுகளை அந்தக் கட்டத்தில் சிபியு மறுபடி கணக்கிடுகிறது, ஜிபியுவுக்கு அப்போது வேலை இல்லை. இரண்டு பணியும் ஒரே நேரத்தில் அங்கே வந்து நின்றால் கார்டு சும்மா இருக்கும். ஒன்றைச் சில நிமிடம் சஸ்பெண்ட் செய்து தள்ளிவிடுங்கள். ஒன்று முடிக்கும்போது மற்றது நடுவில் இருக்கும்.

இன்னும் இரண்டு. ஆப்_கான்ஃபிக்கை என்றாவது நீக்கினால் பழைய மதிப்புகள் தாமாகத் திரும்பாது, திட்டத்தை ரீசெட் செய்ய வேண்டும். கையில் உள்ள பணிகள் அதில் போய்விடும், முதலில் அவற்றை முடித்துவிடுங்கள். அடுத்து, ஒவ்வொரு பணியையும் இன்னொருவர் கணினியும் கணக்கிடுகிறது, இரண்டும் ஒத்துப்போனால்தான் ஏற்பு. உங்கள் கணக்குப் பக்கத்தில் 'இன்வேலிட்' (ஏற்கப்படாதவை) எண்ணிக்கையை இந்த வாரம் பாருங்கள். அது ஏறினால் கார்டின் கிளாக்கை (ஓடும் வேகத்தை) இறக்குங்கள், அப்போதும் ஏறினால் ஒரு பணிக்கே திரும்பிவிடுங்கள்.

விண்நோக்கி:
பார்க்கிறேன் அண்ணா. இப்போதைக்கு இன்வேலிட் பூஜ்யம், பெண்டிங்கில் (ஒப்பீட்டுக்குக் காத்திருப்பவை) நிறைய இருக்கின்றன. மின்வரம்பையும் 140க்கு இறக்கிவிட்டேன். வார முடிவில் எண்ணிக்கையோடு வருகிறேன்.