நல்லெண்ணெய்: மனதை விட்டுப் போகாத உங்கள் அனுபவம்

வைகைக்கரை:
அப்பாவுக்கு ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 300-ஐத் தாண்டிவிட்டது, எடையும் ஏறிக்கொண்டே போனது. டாக்டரிடம் அம்மா, "நாங்க ரீஃபைண்டு தொடுறதே இல்லைங்க, எல்லாத்துக்கும் செக்கு நல்லெண்ணெய்தான்" என்றார். "நல்லதும்மா. மாசம் எத்தனை லிட்டர் வாங்குவீங்க?" ஆறு. "வீட்டுல எத்தனை பேர்?" நாலு. மருந்துச் சீட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். லிட்டருக்கு 920 கிராம் என்று வைத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 46 கிராம். கிராமுக்கு 9 கலோரி, ஆக எண்ணெயில் மட்டுமே 400-க்கு மேல். உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு 20, 25 கிராம் போதும் என்றார். செக்கு எண்ணெயானாலும் ரீஃபைண்டானாலும் கலோரி ஒன்றுதானாம்.

அம்மா அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லதுன்னுதானே டாக்டர் ஊத்தினேன்" என்றபோது குரல் உடைந்துவிட்டது. இட்லிப் பொடியில் குழி பறித்து எண்ணெய் ஊற்றிக் கொடுப்பதுதான் அம்மாவுக்குத் தெரிந்த பாசம். நல்லெண்ணெயின் பெருமையை அம்மாவிடம் பேசிய அத்தனை பேரில் ஒருவர்கூட அளவைச் சொல்லவில்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

செக்கடி வீடு:
வைகைக்கரை, அளவு தப்பென்றால் அளவைச் சொல்லுங்கள், எண்ணெய் மேல் பழி வேண்டாம். விருதுநகர் பக்கம் எங்களுக்குப் பரம்பரையாகச் செக்குத் தொழில். போன தை மாதம் ஒரு பெரியவர் எள் கொண்டுவந்தார். கருப்பட்டி போடப் போன என் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. "எனக்குச் சர்க்கரை தம்பி, இதைப் போட்டா நான் போய்ச் சேர்ந்துருவேன்." அவர் கை நடுங்கியது. கருப்பட்டி எண்ணெயில் கரையாது. எள்ளைச் சேர்த்துப் பிடித்து எண்ணெய் பிரிய உதவிவிட்டுப் பிண்ணாக்கோடு போய்விடும். கசடில் ஒட்டியிருப்பதும் தெளியவைத்தால் அடியில் தங்கிவிடும். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டினார். கருப்பட்டி போடாமலே ஆட்டிக் கொடுத்தோம், எண்ணெய் குறைவாகத்தான் இறங்கியது. இப்படிப் பயமுறுத்தி எழுதுகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நல்லெண்ணெயில் பூரிதக் கொழுப்பு 15 சதவீதம் போல. மீதி பெரும்பாலும் ஒலியிக், லினோலெயிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களும் ஏறக்குறைய சரிபாதி. சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காததற்குக் காரணம் எள்ளிலேயே இருக்கும் செசமோலின் என்ற பொருள். சூடு பட்டால் அது செசமாலாக மாறி எண்ணெயைக் காக்கும். ஊறுகாய்க்கு இதை ஊற்றுவது சும்மா இல்லை. வெளிச்சம் படாமல் வையுங்கள். தாளிக்க, வதக்க, பொடிக்கு ஊற்ற இதைவிட நல்லது கிடையாது. ஆனால் செக்கு எண்ணெயை அதிகச் சூட்டில் வைத்து வடை, முறுக்கு என்று சுடாதீர்கள், சீக்கிரம் புகைந்துவிடும். சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவது இன்னும் மோசம். எண்ணெய் காயக் காயச் சிதைந்து உண்டாகும் பொருட்களை மொத்தத் துருவச் சேர்மங்கள் என்பார்கள். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்று 2018 ஜூலையிலிருந்தே விதி இருக்கிறது. வீட்டில் அதை அளக்க முடியாது. கறுத்து, கெட்டியாகி, நுரை அடங்காமல் நின்றால் கழித்துவிடுங்கள். இதெல்லாம் பார்த்துச் செய்தால் நல்லெண்ணெய் யாருக்கும் கெடுதல் செய்யாது.

இரவுப்பணி:
"யாருக்கும்" என்று எழுதாதீர்கள் அண்ணா. நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். மூன்று மாதக் குழந்தை, சளி என்று கொண்டுவந்தார்கள். நெஞ்சு உள்வாங்கி உள்வாங்கி மூச்சு விட்டது. எக்ஸ்ரேயில் வலப் பக்கம் வெள்ளையாக இருந்தது. மருந்து கொடுத்தும் மாறவில்லை. கடைசியில் டாக்டர் பாட்டியிடம், "குளிப்பாட்டும்போது என்னென்ன செய்வீங்க?" என்றார். பாட்டி விரலை மடக்கி, மூக்கில் சொட்டு விடுவதை அப்படியே செய்து காட்டினார். நல்லெண்ணெய், தினமும், ஒவ்வொரு துளையிலும். "என் பிள்ளைங்க எல்லாருக்கும் விட்டேனே சிஸ்டர்."

எண்ணெய்க்கு இருமல் வராது, அதுதான் ஆபத்து. தண்ணீர் புரையேறினால் குழந்தை இருமித் துப்பும். எண்ணெய் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கித் தங்கிவிடும். அந்தக் குழந்தை பிழைத்துவிட்டது. பாட்டியின் விரல்தான் என் கண்ணை விட்டுப் போகவில்லை. மூக்கிலும் தொண்டையிலும் விடாதீர்கள், தயவுசெய்து.

கொங்கு மருமகள்:
எங்கள் தெருவில் ஒரு அக்கா, பாட்டிலில் எள் படம் போட்டிருக்கிறது, விலையும் குறைவு என்று வாங்கி மாதக்கணக்கில் குழம்பு வைத்திருக்கிறார். "விளக்கேற்ற மட்டும்" என்று பின்னால் பொடி எழுத்தில் இருந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏன் அதைக் கொட்டை எழுத்தில் போடக்கூடாது?

எள் இல்லாத வீடு:
செக்கடி வீட்டு அண்ணாவிடம் நானும் சண்டை போடத்தான் வந்தேன். அக்கா மகனுக்கு எள் ஒவ்வாமை. கல்யாணப் பந்தியில் வெறும் தோசைதான் சாப்பிட்டான். காரம் போல என்று அக்கா அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்க அது வீங்கியது, அப்புறம் குரல் கம்மியது. தோசைக்கு விட்டது செக்கு நல்லெண்ணெய்.

செக்கு எண்ணெயில் எள்ளின் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும். வாசனைக்காக நாம் விரும்புகிற அதே எண்ணெய்தான் இந்தப் பிள்ளைகளுக்கு அதிக ஆபத்து. அமெரிக்காவில் 2023-லிருந்து எள்ளையும் முக்கிய ஒவ்வாமைப் பொருளாகக் கருதி உறையில் குறிப்பிட வேண்டும். நம் ஊரில் எள் ஒத்துக்காது என்றால் சிரிக்கிறார்கள். இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், பேக்கரி பன் எல்லாவற்றிலும் எள்ளோ நல்லெண்ணெயோ இருக்கலாம். உதடு வீங்கி மூச்சு திணறினால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். தேவைப்படுவது அட்ரினலின் ஊசி. டாக்டர் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் பந்திக்கும் கையோடு எடுத்துப் போங்கள். பந்தியில் உட்காரும் முன் சமையல்காரரிடம் நேரே போய், தோசைக்கல்லில் என்ன எண்ணெய் என்று கேளுங்கள். பரிமாறுகிறவருக்கு அது தெரியாது.