மறுமொழி: ‘போர்நீங்கியோர்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

அனைவருக்கும் வணக்கம்.

சண்டையிலிருந்து நீங்கிவிட்டதால் தாக்கக் கூடாதவரைக் குறிக்கும் ‘ஓர் த கொம்பா’ (hors de combat) என்ற போர்ச்சட்டத் தொடருக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்து, ஒவ்வொன்றையும் சட்ட வாசகத்துக்குள் போட்டுப் படித்துப் பார்த்தேன். அந்தப் பிரெஞ்சுத் தொடரை ஆங்கிலமே அப்படியே வைத்திருக்கிறது, நாமும் ஒலிபெயர்த்துவிட்டால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். சட்டம் படிப்பவருக்குப் போதும். ஆனால் இப்படிப்பட்டவரைத் தாக்கக் கூடாது என்ற விதியைக் கடைப்பிடிக்க வேண்டியவர் கையில் துப்பாக்கியோடு நிற்பவர். காதில் விழுந்த கணமே அவருக்குப் பொருள் விளங்க வேண்டும்.

பொருளை ஒருமுறை தெளிவாக்கிக்கொள்வோம். போரில் சிக்கியவர்களைக் காக்கும் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறையின் 41ஆம் பிரிவு மூன்று வகையினரைச் சொல்கிறது. எதிர்த்தரப்பின் பிடியில் இருப்பவர், சரணடையும் எண்ணத்தைத் தெளிவாகக் காட்டியவர், காயத்தாலோ நோயாலோ நினைவிழந்து அல்லது முடங்கித் தன்னைக் காத்துக்கொள்ள முடியாமல் இருப்பவர். இவர்களைத் தாக்கக் கூடாது. கூடவே ஒரு நிபந்தனை உண்டு: அவர் பகைச்செயல் எதிலும் இறங்கக் கூடாது, தப்பியோட முயலவும் கூடாது. இறங்கினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இத்தனையையும் ஒரே சொல் தாங்க வேண்டும். ‘சரணடைந்தோர்’ தாங்காது, நினைவில்லாமல் கிடப்பவர் யாரிடமும் சரணடையவில்லை. ‘போரிட இயலாதோர்’ என்றால், கையை உயர்த்தி நிற்பவர் வெளியே போய்விடுகிறார். அவருக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, வேண்டாம் என்று விட்டவர் அவர். ‘போரில் ஈடுபடாதோர்’ பொதுமக்களைக் குறிக்கும். அதை அவர்களுக்கே விட்டுவிடலாம். ‘செயலிழந்த வீரர்’ என்பதைப் படித்ததும் எனக்கு வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்ததாக வரும் செய்திதான் நினைவுக்கு வருகிறது.

‘போர் ஒழிந்தோர்’ என்பதில் எனக்கு மிகுந்த ஆசை இருந்தது. பழந்தமிழில் ஒழிதல் என்றால் விட்டு நீங்குதல்தான். ஆனால் இன்றைய காதுக்கு ‘ஒழிந்தான்’ என்றால் தொலைந்தான் என்றே கேட்கும். ‘போர் நீத்தோர்’ என்றாலும் நீத்தார் நினைவு வந்து நிற்கிறது. உயிரோடு இருப்பவரைக் காப்பதற்கான சொல்லில் சாவின் வாடை வரக் கூடாது. அப்புறம், ‘போர்விலக்குப் பெற்றோர்’. மதுவிலக்கு என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள் நாம். ‘போர்விலக்கு’ என்றதும் போரையே தடைசெய்வது என்றுதான் படிப்போம்.

‘தழிஞ்சி’யை எடுத்துத் தந்த ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தோற்றுப் புறங்கொடுத்து ஓடுபவர் மேல் வாளோச்சாத மறத்தை, புறத்திணை இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலை தன் வஞ்சிப் படலத்தில் ஒரு துறையாகவே வைத்து, அதற்குத் தழிஞ்சி என்று பெயரிட்டிருக்கிறது. தொல்காப்பியத்திலும் அதே சொல் வருகிறது. புண்பட்ட தம் வீரரை அரசன் தழுவிப் போற்றுவது என்ற பொருளில் அங்கே உரை செல்கிறது. இரண்டும் நம் பேச்சுக்கு அருகில் இருப்பவை.

இருந்தாலும் இங்கே ஒரு தடை இருக்கிறது, அதை மறைக்க முடியாது. இன்றைய சட்டம் புறங்கொடுத்து ஓடுபவரைக் காப்பதில்லை. சரணடையாமல் பின்வாங்கும் படை மறுநாள் அணிதிரண்டு வரலாம் என்பதால், அதைத் தாக்குவது சட்டப்படி குற்றமாகாது. வெண்பாமாலையின் அறம் சட்டத்தைவிட ஒரு படி மேலே நிற்கிறது. அதே பெயரைச் சட்டச் சொல்லாக்கினால் படிப்பவர் எல்லையைத் தவறாகப் புரிந்துகொள்வார். அதோடு, தழிஞ்சி ஒரு செயலின் பெயர். நமக்கு வேண்டியது ஆளின் பெயர்.

என் முன்மொழிவு ‘போர்நீங்கியோர்’. ஒருமையில் ‘போர்நீங்கியவர்’.

நீங்குதல் இரண்டு பக்கமும் வளையும் வினை. ஒருவர் தானாகவும் நீங்கலாம், அவரை அறியாமலும் அது நடக்கலாம். விலகுதலில் அந்த நெகிழ்வு இல்லை, அதில் மனம் வைத்துச் செய்யும் சாயல் இருக்கிறது. 1949 உடன்படிக்கைகள் நான்குக்கும் பொதுவான 3ஆம் பிரிவில் வைத்துப் பாருங்கள்: “நோய், காயம், சிறைப்பிடிப்பு அல்லது வேறெந்தக் காரணத்தாலும் போர்நீங்கியவர்கள்.” தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. அங்கே ‘விலகியவர்கள்’ என்று போட்டால், காயம்பட்டவர் பதவி விலகல் கடிதம் கொடுத்தது போல ஆகிவிடும். இன்னொன்று, நீங்க வேண்டுமானால் முதலில் உள்ளே இருந்திருக்க வேண்டும். அதனால் பொதுமக்களோடு குழப்பம் வராது. நிபந்தனையை மீறி ஆயுதம் எடுத்தவரை ‘மீண்டும் போர்புகுந்தவர்’ என்று சொல்லிவிடலாம். புகுதலும் நீங்குதலும் நல்ல இணை.

கடினமான ஓர் எடுத்துக்காட்டிலும் சோதித்தேன். அடிபட்ட விமானத்திலிருந்து குதித்த விமானி வான்குடையில் தொங்கிக்கொண்டு இறங்குகிறார். அவர் பிடிபடவில்லை, சரணடையவில்லை, காயமும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் இறங்கும்போது அவரைச் சுடக் கூடாது என்கிறது முதல் கூடுதல் நெறிமுறையின் 42ஆம் பிரிவு. சட்டமாகாமல் வரைவாகவே நின்றுவிட்ட 1923 ஹேக் வான்போர் விதிகளிலேயே இந்தக் கருத்து இருந்தது. எதிரியின் மண்ணில் கால் வைத்ததும், தாக்குவதற்கு முன் சரணடைய அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். அதே வான்குடையில் போரிடவே குதிக்கும் படையினருக்கு இந்தக் காப்பு கிடையாது. முன்னவர் போர்நீங்கியவர், பின்னவர் போர்புகுபவர். இரண்டு சொல்லில் வேறுபாடு விளங்கிவிடுகிறது.

குறையும் இருக்கிறது. ‘போர்நீங்கிய நிலை’ என்று எழுதினால், போர் முடிந்து அமைதி திரும்பிய நாட்டைச் சொல்வதாகப் படிக்கலாம். அதனால் பெயரெச்சமாகத் தனியே நிறுத்தாமல், ‘போர்நீங்கியோர் நிலை’ என்று ஆள் விகுதியோடு எழுதுவது நல்லது. சொல்லைப் பிரிக்காமல் சேர்த்தே எழுதவும் வேண்டுகிறேன்.

இது பொருந்தாத வாசகம் யாருக்காவது தட்டுப்பட்டால் அதை முழு வரியாக இங்கே இடுங்கள். அடுத்து அதே நெறிமுறையின் 40ஆம் பிரிவு காத்திருக்கிறது: ஒருவரையும் உயிரோடு விடக் கூடாது என்று கட்டளையிடுவதையும் அப்படி மிரட்டுவதையும் தடுக்கும் விதி. ‘உயிர்மறுப்பு ஆணை’ என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன்.